குண்டு விழுந்த இடம்

ஞாயிறு காலை புதுநகர் லாட்ஜ் வாசலில்
ஏறிக்கொண்டார் மிசுயே.
சிப்காட்டில் மக்கர் பண்ணும் பம்ப் ஒன்றைப்
பார்க்க வந்த பொறியாளர்.
கையில் ஒரு தாள். அதில்
கடலூரில் பார்க்க வேண்டியவை நான்கு.
நாலாவதை அவரே அடித்துவிட்டிருந்தார்:
அது பாண்டிச்சேரி.

வேலாயுதம் என்ற என் பெயர்
அவர் வாய்க்குள் போய்
பெரா-சான் என்று வெளியே வந்தது.
வெள்ளிக் கடற்கரையில் வெள்ளி எங்கே என்றார்.
விடிவதற்குள் வந்திருக்கணும் என்றேன்.
அன்றைய முதல் பொய்.

கோட்டை என்றால் நீங்கள் நினைப்பதில்லை.
ஒரு சுவர்.
அதன் முதுகைப் பிளந்து ஓர் அரசமரம்.
பாட்டில் ஓடு, ஒற்றைச் செருப்பு,
பத்தாவது பி செக்‌ஷன் என்று
கரியில் எழுதிய செங்கல்.
முப்பது வருஷமாய் இந்த வழியில் ஓட்டுகிறேன்,
உள்ளே கால் வைத்தது அன்றுதான்.

சும்மா நிற்க முடியுமா,
எட்டாம் வகுப்பில் கேட்டதை
எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எடுத்துவிட்டேன்:
கோட்டையை விலைக்கு வாங்கிய வெள்ளைக்காரன்
நிலம் எதுவரை என்று கேட்டானாம்.
பீரங்கியைச் சுடு,
குண்டு போய் விழுகிற தூரம் உன்னுடையது
என்றானாம் விற்றவன்.
சுட்டான்.
விழுந்த ஊரெல்லாம் குண்டு கிராமம்.
என் ஊர் குண்டு உப்பலவாடி,
ஆதாரிலும் அப்படித்தான்.

மிசுயே தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.
"எங்கே விழுந்தது? அதைக் காட்டுங்கள்."

ஐம்பத்தோரு வயதில்
ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.
அந்தச் சத்தம் கேட்டபோது
உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் யார்,
மறுநாள் மடை திறக்கப் போனவனிடம்
வயல் கைமாறியதைச் சொன்னது யார்.
எனக்கென்ன தெரியும்.
ஆட்டோவைத் திருப்பினேன்.

ரேஷன் கடை தாண்டி, அடிபம்புக்கு இந்தப் பக்கம்,
தானே புயல் பிடுங்கிய புளியமரத்தின் குழி.
ஓரத்தில் ஒரு கருங்கல்.
"இங்கேதான்."
நாக்கு கூசவில்லை.

அவர் குந்தி உட்கார்ந்து
கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
சர்க்கரைக்கு வரிசையில் நின்ற காந்திமதி சத்தமாய்ச் சொன்னாள்:
"அட, அது என் ஆட்டுக்கல்லுக்கு
முட்டுக் கொடுத்த கல்லு!"
நல்லவேளை, தமிழில் சொன்னாள்.

எழுந்தவர் ஒரு கூழாங்கல்லை எடுத்து
வாய்க்காலைப் பார்த்து வீசினார்.
"அதுவரை என்னுடையது," சிரித்தார்.
அங்கே வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன.
கொஞ்சம் நகர்ந்து
மறுபடி மேய்ந்தன.
சிரிப்பு அவரிடம் அதிக நேரம் தங்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் டீ குடிக்கும்போது
செல்போனில் தன் ஊரைக் காட்டினார்.
அதுவும் கடலோரம்தான்.
கலங்கரை விளக்கம், காயும் கணவாய்,
அலைக்கு நடுவே
இடுப்பில் வைக்கோல் கயிறு கட்டிய பாறை.
கடல்தேவதை கூந்தல் உலர்த்திய இடமாம்,
தினம் ஆறு பஸ் வருமாம்.
நிஜமாகவா என்றேன்.

"நகராட்சியில் இருந்த என் மாமா
தேர்ந்தெடுத்த பாறை.
நிறையப் பாறைகள் இருந்தன.
இதற்குப் பக்கத்தில்தான்
பஸ் நிறுத்த இடம் இருந்தது."

டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
"உங்கள் கல்லுக்குப் பக்கத்திலும்
ஆட்டோ நன்றாகவே நின்றது, பெரா-சான்."

பம்ப் சரியாகி அவர் போய்விட்டார்.
வெளிநாட்டம்மா தொட்டுப் பார்த்த கல்லுக்கு
யாரோ சுண்ணாம்பு அடித்தார்கள்,
யாரோ குங்குமம்.
ஆடி பிறந்ததும் ஓர் எலுமிச்சம்பழம்.
காந்திமதி ஆட்டுக்கல்லுக்கு
வேறு செங்கல் தேடிக்கொண்டாள்,
அரிசிப் பையோடு வரும்போது
சுற்றிக்கொண்டு போகிறாள்.

நேற்று ராத்திரி சவாரி இறக்கிவிட்டு
அந்த வழியாய் வந்தேன்.
ஒருத்தரும் இல்லை.
வலது கை ஆக்ஸிலேட்டரை விட்டது,
நெஞ்சுவரை போய்த்
திரும்பி வந்தது.